முன் வரிசை நாற்காலிகள்

1

நேற்று எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆண்டு விழா. கோயிலுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல முதலில் முன் வரிசையைத்தான் பார்த்தேன். அங்கே நாற்காலிகள் இல்லை. பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். கிளாங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பட்டுச்சேலை உடுத்தி வந்திருந்த அம்மாமார் மூன்றாவது வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் காஜாங்காரி ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "என்ன ஞானப்பூ, உங்க கோயில்ல பெரியவங்களுக்கு மரியாதை குறைஞ்சு போச்சே" என்றாள். நாற்காலிகளை எடுக்கச் சொன்னவள் என் மகள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

நாற்காலியை எடுத்துப் பாயை விரித்ததெல்லாம் கடல் தாண்டி எழுதியனுப்புகிற சேதியா என்று ஊரிலுள்ள சகோதரிமார் கேட்பீர்கள். அந்த நாற்காலிகள் என் வீட்டைக் கொஞ்சம் ஆட்டி வைத்தவை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில், மிஷன் பள்ளியில் வாத்திச்சியாக இருந்தவள் நான். கோலாலம்பூர் ரெயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு மலாயா வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரெயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். காலையில் செங்கல் சூளைப் புகை, மாலையில் எஞ்சின் புகை. வெள்ளைத் துணியை எப்போது காயப்போடுவது என்பதுதான் இங்கே பெண்களின் பெரிய யோசனை. ஜெயமணி எங்களுக்கு ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். எங்கள் திருநெல்வேலிச் சபையின் கோயில் வீட்டுக்குத் தூரம் என்பதால், நடந்து போகிற தொலைவில் இருந்த தமிழ் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தோம். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர்கள் மேல் ஒரு கண்.

2

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. யாராவது என் பிள்ளைக்குச் சும்மா ஒன்றைக் கொடுத்தால், முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன்.

ஜெயமணி முதன்முதலாக ஓய்வுநாள் பள்ளிக்குப் போய் ஒரு வர்ணப்பட அட்டையோடு திரும்பி வந்தாள். நல்ல வழுவழுப்பான அட்டை, நீலமும் ரோசாவுமாய். பின்பக்கம் திருப்பினேன். பென்சிலால் ஏதோ ஓர் அமெரிக்கப் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. அங்கே ஒரு பிள்ளை பார்த்து முடித்த படத்தைக் கப்பலேற்றி இங்கே எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். "பாருங்க, பழசைத் தள்ளிவிடுதாங்க" என்று இவரிடம் காட்டினேன். இவர், "வாத்திச்சி, நீ பழைய சேலையைக் கிழிச்சுப் பாப்பாவுக்குப் பாவாடை தைக்கலியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அந்த அட்டைகளை ஒன்று விடாமல் சேர்த்து வைத்தேன், படம் நன்றாக இருந்ததே.

அவர்கள் ஜெபிக்கிற விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் ஜெபப் புத்தகம் உண்டு. எங்கே முழங்கால் போடுவது, எங்கே ஆமென் சொல்வது என்று எல்லாம் அச்சில் இருக்கும். இங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து வாய்க்கு வந்தபடி ஜெபிக்கலாம். சின்னப் பிள்ளைகளையும் அப்படியே பழக்குகிறார்கள். எதிர்வீட்டுப் பொடியன் ஒருவன், பள்ளியில் எழுந்து நின்று ஆண்டவரைத் "துவான்" என்று கூப்பிட்டு, தனக்கு ஒரு பந்து வேண்டும் என்று கேட்டான். துவான் என்பது ரெயில்வேயில் பியூன்மார் வெள்ளைக்கார அதிகாரியைக் கூப்பிடுகிற மலாய் வார்த்தை. எல்லாரும் சிரித்தார்கள், போதகர் ஐயர்கூடச் சிரித்தார். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து யாரைத்தான் கும்பிடப் போகிறார்களோ என்று எனக்குப் பகீரென்றது.

அப்படியும் ஏன் அனுப்பினாய் என்று கேட்கலாம். ஜெயமணிக்குத் தமிழ் எழுத்து தெரிந்தது அங்கேதான். பகலில் படிப்பு இங்கிலீஷ் கான்வென்டில், பாசாரில் மலாய், வீட்டில் நானும் இவரும் மட்டும். வாரா வாரம் ஒரு மனப்பாட வசனம் என்று படித்துப் படித்து அவள் தமிழ் தேறியது. ஆறு வயதிலேயே வேதத்திலிருந்து நீளமான சங்கீதம் ஒன்றை மூச்சு விடாமல் சொல்வாள். அதைக் கேட்கும்போது மட்டும் என் சந்தேகம் கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்.

3

அவள் பெரிய வகுப்புக்கு வந்ததும் வாலிபர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் கூடுவார்கள். நம் ஊர்க் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கல்யாணமான புருஷன் பெண்சாதிகூட வாசலில் பிரிந்து வாசலில்தான் சேருவார்கள். இங்கே பையன்களையும் பெண்பிள்ளைகளையும் ஒரே வட்டமாக நாற்காலி போட்டு எதிரும் புதிருமாக உட்கார வைத்து, பாட்டு என்ன, விடுகதை என்ன, விவாதம் என்ன! நான் தையலை எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

சங்கத்துக்குக் காரியதரிசி தங்கராஜ் என்று ஒரு பையன். ஆர்மோனியம் வாசிப்பான், காலில் சப்பாத்தைப் பளபளவென்று துடைத்துப் போட்டிருப்பான். தலைவகிடு எடுத்திருக்கிற நேர்த்தியைப் பார்த்ததுமே அவன் மேல் எனக்குச் சந்தேகம். ஆறேழு சனிக்கிழமை அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தைத்ததில் இவருடைய சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துவிட்டேன். கடைசியில் தெரிந்தது, பையன் கண் முழுக்க ஜன்னலுக்கு வெளியே இருந்த பாட்மின்டன் மைதானத்தின் மேல். ஜெபம் முடிந்து ஆமென் சொல்வதற்கும் அவன் மட்டையைத் தூக்குவதற்கும் இடையே ஒரு மூச்சுதான் இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

நான் ஏன் இப்படிக் காவல் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஜெயமணி சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத இருந்தாள். பாஸ் செய்ததும் அவளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் பெண்கள் காலேஜில் சேர்ப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் அண்ணன் அங்கே இருக்கிறான். அவனுக்கு எழுதி, அவனும் இடம் கேட்டு வைத்திருந்தான். நான் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்த பிறகு அந்தக் காலேஜில் வாத்திச்சிப் படிப்பை ஆரம்பித்துப் பாதியில் விட்டவள். விடச் செய்தது, கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற ஓர் அசனப் பண்டிகை. பந்தியில் ரசவாளியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினேன். எதிர்ப் பந்தியில் இருந்த ஓர் அம்மாள், இந்தப் பிள்ளை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிறாளே என்று பார்த்திருக்கிறாள். அவள்தான் என் மாமியார். அடுத்த பண்டிகைக்கு நான் கப்பலில் இருந்தேன். இவர் நல்லவர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்டு வந்த நல்லது அல்ல. என் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு எண்ணம்.

4

ரப்பர் விலை விழுந்த சமயம் அது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ரெயில்வேயிலும் யாருக்கு எப்போது சீட்டுக் கிழியும் என்று தெரியாது. இவர் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவார்.

அந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ரெயிலில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தாய்மாரும் வரலாம். ஏற்பாடெல்லாம் ஓய்வுநாள் பள்ளி சூப்பிரண்ட் சுந்தரம்மாள். அவள் புருஷன் இவருடைய ஆபீசில் ஹெட் கிளார்க். குரல் வெண்கலம், அவள் சொன்னால் ரெயிலே ஒரு நிமிஷம் நின்று போகும். கிளாங்கில் வண்டி நின்றபோது ஓர் அம்மாள் ஏறினாள். கிளாங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் மகன் டிரஸராக இருக்கிறான். தோட்டத்தில் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பதில் டாக்டருக்கு அடுத்தபடி டிரஸர்தான். அதனால் அவளை எல்லாரும் டிரஸரம்மா என்பார்கள். ஓய்வுநாள் பள்ளியில் அவளுக்குப் பேரன் பேத்தி யாரும் கிடையாது. பிறகு ஏன் வந்தாள் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

கரையில் மர நிழலில் உட்கார்ந்தோம். ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் கிழிந்துவிட்டது. டிரஸரம்மா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். "பாப்பா ஜெயமணி, எனக்குக் கண் சரியாத் தெரியல, இதைக் கோத்துக் குடேன்" என்றாள். ஜெயமணி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில், "அந்தக் குழாயடியில போய் ஒரு செம்புத் தண்ணி கொண்டா கண்ணு, செருப்பு வேண்டாம், மணல்தான்" என்றாள். ஜெயமணி போய் வந்தாள். பிறகு சுந்தரம்மாள், "உப்புக்காத்துல முடி பிசுபிசுன்னு ஆயிரும், அவுத்து உதறிப் பின்னிக்கோ" என்றாள். ஜெயமணி சடையை அவிழ்த்து உதறினாள். இரண்டு பேரும் கடலைப் பார்ப்பதுபோல் இருந்தார்கள்.

தூரத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. நாகப்பட்டினம் போகிற கப்பலாக இருக்குமோ என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் என் மகள் அதில்தானே போகப் போகிறாள். அப்போது டிரஸரம்மா, "அது நம்ம கப்பல் இல்ல ஞானப்பூ, புகைக்குழாய்ல ரெண்டு சிவப்பு வளையம் இருக்கு பாரு" என்றாள்.

எனக்கு எந்த வளையமும் தெரியவில்லை. கைக்கெட்டின ஊசித் துவாரம் தெரியாதவளுக்குக் கடலுக்கு நடுவே வளையம் தெரிகிறது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கண், நடை, முடி மூன்றையும் பார்த்தாயிற்று. ரசம் ஊற்றச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் ஜெயமணியை என் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள், "என்னம்மா, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

5

அதற்குப் பிறகுதான் பழையதெல்லாம் எனக்குக் கோவையாகப் புரிந்தது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவார்கள், அபிநயப் பாட்டு உண்டு, கோலாட்டம் உண்டு. கடைசியில் ஒரு பெண்பிள்ளை மட்டும் தனியாக மேடைக்கு வந்து நீளமான வேதபாகம் ஒன்றைப் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். அதற்குச் சேலை உடுத்தி வரவேண்டும் என்பது சுந்தரம்மாளின் சட்டம். முன் வரிசையில் வெளியூர்ச் சபைகளின் அம்மாமாருக்கு நாற்காலி. முந்தின வருஷங்களில் தனியாக ஒப்புவித்த பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி காஜாங்கில் வாழ்க்கைப்பட்டாள், ஒருத்தி சிரம்பானில், ஒருத்தி கிளாங்கில். மேடை ஏறி இறங்கின வருஷத்துக்குள் எல்லாருக்கும் கல்யாணம்.

அந்த வருஷம் ஜெயமணியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுந்தரம்மாளே ஓரத்தில் பச்சைக்கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டு வந்தாள். நான் அதை வாங்காமல் கேட்டேன்.

"அக்கா, இது வசனம் ஒப்புவிக்கவா, இல்ல பொண்ணு பாக்கவா?"

அவள் மறைக்கப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை.

"ரெண்டுக்குந்தான். அதுல என்ன தப்பு ஞானப்பூ? ஊர்ல பெரியப்பன் இருப்பான், சித்தி இருப்பா, பத்து வீடு தள்ளி யாரு எப்படின்னு தெரியும். இந்த நாட்டுல நம்ம பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்டேஷன்ல கிடக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா நல்ல குடும்பமும் ஒரு கூரைக்குக் கீழ வருது. பிள்ளை சபையில எப்படி நிக்கா, எப்படிப் பேசுதான்னு பாத்துட்டுப் போறாங்க. வீட்டுக்கு வந்து பலகாரம் தின்னுட்டு வேண்டாம்னு சொல்றதைவிட இது மேல் இல்லையா?"

நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது. "எங்களைக் கேக்காம எப்படிப் பாக்கலாம்?" என்றேன்.

"ஜெயமணி அப்பாகிட்டக் கேட்டாச்சே" என்றாள்.

இவர் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன். தலையை நிமிர்த்தாமலே, "நல்ல பையன், வாத்திச்சி. குடி கிடையாது. தோட்டத்துல வீடு இருக்கு" என்றார்.

"பிள்ளை காலேஜுக்குப் போகணும்னு நான் சொன்னது?"

"எனக்கு வேலை இருக்குமான்னே தெரியல. வேலை போச்சுன்னா மூணு பேரும் கப்பலேற வேண்டியதுதான். அதுக்கு முன்னால அவளுக்கு ஒரு வழி பண்ணிரணும்னு பாத்தேன். ஹெட் கிளார்க் வீட்டம்மா வந்து கேக்கும்போது மாட்டேன்னு சொல்லச் சொல்லுதியா?"

அவர் மறுபடியும் சப்பாத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். இத்தனை நாள் நான் வெளியே காவல் இருந்தேன், உள்ளே கதவு திறந்து கிடந்திருக்கிறது. கோபத்தில் அன்று நான் சமைக்கவில்லை. ஜெயமணிதான் சோறு வடித்தாள். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

6

விழா அன்று நான் எல்லாருக்கும் முந்திப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். டிரஸரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். அவள் ஏதாவது கேட்டால் என் மகள் ஊருக்குப் படிக்கப் போகிறாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று இருந்தேன். டிரஸரே வந்திருந்தார், பின்னால் தூண் பக்கம் நின்றிருந்தார். சாதுவான முகம். சாதுவான முகத்தையும் நான் நம்புவதில்லை.

சின்னப் பிள்ளைகள் பாடினார்கள். கோலாட்டத்தில் ஒரு கோல் பறந்து வந்து ஐயர் காலடியில் விழுந்தது. பிறகு ஜெயமணி பச்சைக்கரைச் சேலையில் மேடை ஏறினாள். முன் வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆறு வயதில் மூச்சு விடாமல் சொன்ன அதே சங்கீதம்தான். முதல் வசனத்தை மணிபோல் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள்.

தலையைக் குனியவில்லை. முன் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. ஓய்வுநாள் பள்ளியில் அவள் வசனம் சொல்லிக்கொடுக்கிற பொடிசுகள் பக்கத்திலிருந்து அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தன. தலையை அசைத்து வேண்டாம் என்றாள். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள். சுந்தரம்மாள் எழுந்து உடனே ஒரு பாட்டை ஆரம்பித்துச் சமாளித்தாள். டிரஸரம்மா என்னைப் பார்த்து, "பயந்த சுபாவம் போல" என்றாள். "ஆமா, சின்னதுலேருந்தே" என்று நான் கூசாமல் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் கிளாங்கிலிருந்து இது சரிப்படாது என்று சேதி வந்தது. சபையில் வாய் அடைத்துப் போகிற பிள்ளை, தோட்டத்துத் துரைமார் முன்னால் எப்படிப் பேசும் என்றார்களாம்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இவர் ஆபீசுக்குப் போனதும் அடுப்படியில் ஜெயமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நெசமாவே மறந்துதான் போச்சா?"

"இல்லம்மா."

"எனக்குத் தெரியும். நல்லதுதான் பண்ணின. இனிமே பயமில்ல. மாமாவுக்கு எழுதிருதேன். காலேஜ் திறக்க முன்னாலயே கப்பலேறிரலாம்."

அவள் நெத்திலியிலிருந்து கையை எடுக்காமல், "நான் அங்கேயும் போகலம்மா" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவளே தொடர்ந்தாள். "நம்ம மிஷன் மிஸ்ஸியம்மாகிட்டப் பேசிட்டேன். கிளாங் மிஷன் ஸ்கூல்ல சின்ன கிளாஸுக்கு ஆள் வேணுமாம். சனிக்கிழமை இங்க நார்மல் கிளாஸுக்கு வரணும். அதை முடிச்சா டீச்சர் சர்டிபிகேட் கிடைக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"நீங்க மாமாவுக்கு எழுதறதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்டீங்களாம்மா?"

"நான் உன் தாய்ட்டி. உன் நன்மைக்குத்தானே?"

"அப்பாவும் அப்படித்தான் சொல்வாங்க. சுந்தரம்மா ஆன்டியும் அப்படித்தான். டிரஸரம்மா ஊசி கோக்கச் சொல்லி என் கண்ணையாவது பாத்தாங்க. நீங்க அதுகூடப் பாக்கலம்மா. அது உங்க ஊர். உங்க காலேஜ். எனக்கு அந்த ஊரை போட்டோலதான் தெரியும்."

அவள் சத்தம் போடவில்லை. வசனம் ஒப்புவிக்கிற குரலில்தான் சொன்னாள். ஊசி கோத்ததும், நடந்ததும், முடியை உதறியதும் எதற்கென்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் காய்ச்சலா என்று கேட்டிருக்கிறாள். நான் உலகத்தையே சந்தேகப்பட்டேன், என் பக்கத்தில் படுத்து எழும்பினவள் என்னைச் சந்தேகப்பட்டிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எனக்கு ஆங்காரமாக வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்ப் புகையில் காய்ந்த துணிகளை எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

7

கடைசியில் அவள் இஷ்டப்படிதான் நடந்தது. இவர் வேலை போகாமல் தப்பியது. ஜெயமணி பரீட்சை பாஸாகி, இப்போது கிளாங்கில் மற்ற ஆசிரியைகளோடு தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை காலை வண்டியில் வருவாள், ஞாயிறு மாலை வண்டியில் போவாள். வரும்போது என் கையில் ஒரு பொட்டலம் நெத்திலியும், மேசை மேல் கட்டுக்கட்டாகப் பிள்ளைகளின் கணக்கு நோட்டும் வரும். இப்போதெல்லாம் கனவில்கூட இங்கிலீஷில் பேசுகிறாள். டிரஸருக்குச் சிரம்பானில் பெண் எடுத்தார்கள். தங்கராஜ் பாட்மின்டனில் கோப்பை வாங்கிவிட்டான்.

இங்கே ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வகுப்பு அவள் கையில். போன மாதம் கமிட்டியில், பின்னால் உட்காருகிற பொடிசுகளுக்கு மேடை தெரிவதில்லை, அதனால் முன்னால் பாய் போட வேண்டும் என்றாளாம். தனியாக ஒருத்தி ஒப்புவிப்பதும் வேண்டாம், வகுப்பே எழுந்து நின்று சொல்லட்டும் என்றாளாம். வேறு ஒரு காரணமும் சொல்லவில்லை. சுந்தரம்மாளுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? பேசுகிற வித்தையை அவள் யாரிடம் கற்றாள் என்று இவர் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நேற்று விழா முடிந்ததும் நான் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்றாவது வரிசையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்று தோன்றியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் குத்திக்காட்டின பிறகும் கேட்கவில்லை, வீம்பு. வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவள் உள்ளே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் ஜன்னல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஜெயமணி, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"தண்ணி இருக்கும்மா."

"அது இல்ல. இனிமே உனக்கு என்ன வேணும், எப்படி இருக்கணும்னு ஆசை? சும்மா சொல்லு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பிளாட்பாரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா கேக்கறீங்க? யாரு வந்து கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"காஜாங் ஆன்டி உங்ககிட்டச் சாஞ்சு சாஞ்சு பேசினாங்களே. அப்பா ஏதும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் கேக்கலட்டி. நானாத்தான் கேக்கேன்."

சத்தியமாக யாரும் கேட்கவில்லை. அவள் நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. அந்தப் பார்வையை நான் எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பச்சைக்கரைச் சேலையைக் கொண்டு வந்த சுந்தரம்மாளை நான் அப்படித்தான் பார்த்தேன். கார்டு விசில் ஊதினான். வண்டி அசைந்தது. ஜன்னலில் இருந்த என் கையின் மேல் அவள் கையை வைத்து, மெதுவாக எடுத்துக் கீழே விட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள்.